லாபாஸ் சொன்ன தோள்பட்டை

மடக்கென்று ஒரு சத்தம்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில், பாப் திவான் வாசலுக்கு உள்ளே இருக்கும் சந்தில், காலைப் பசியோடு வரிசையில் நின்றவர்களுக்கு முதலில் கிடைத்தது அந்தச் சத்தம்தான். காய்ந்துபோன நீள ரொட்டியை முழங்காலில் வைத்து முறித்தால் எப்படி இருக்கும், அப்படி.

"யாருப்பா அது, நேத்து ரொட்டிய உடைக்கிறது?" என்று வரிசையில் முன்னால் நின்ற தபால்காரர் கேட்டார்.

எண்ணெய் மட்டும் தன்பாட்டுக்குப் பொரிந்துகொண்டிருந்தது. பிறகு அடுப்பு மேடைக்குப் பின்னாலிருந்து, மாவு பூசிய ஒரு கை மெல்ல எழுந்து விளிம்பைப் பிடித்தது. அது இடது கை. வலது கை எங்கே என்று எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது, அதன் மேல் கமைஸ் படுத்திருந்தார் என்பது.

கமைஸ் ஃப்தாயர் சுடுகிறவர். ஈர மாவை உருண்டை பிடித்து, விசிறி, நடுவில் துணி போல மெல்லிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இழுத்து, எண்ணெயில் வட்டமாக இறக்குகிற வேலை. பிடிப்பது இடது கை. விசிறுவது வலது தோள். அந்தத் தோளை நம்பித்தான் அந்தச் சந்தே காலையில் வாய் திறந்தது. மேடையிலிருந்து இறங்கும்போது சிந்தியிருந்த எண்ணெயில் கால் வழுக்கி, அந்தத் தோள் இப்போது காதோடு ஏதோ ரகசியம் பேசுவது போல மேலே ஏறி நின்றது.

பக்கத்துச் சவரக்கடை ஹஸூனா கத்தியும் கையுமாக ஓடி வந்தார்.

"கமைஸ் அண்ணே! லாபாஸ்?"

கமைஸுக்குக் கண்ணில் நீர் முட்டியது. உதடு வெளுத்தது. ஆனாலும் வாய் தன் கடமையைச் செய்தது.

"லாபாஸ்," என்றார். "லாபாஸ், ஆண்டவன் புண்ணியத்துல."

லாபாஸ் என்றால் கேடு ஒன்றுமில்லை என்று பொருள். கேட்கிறவரும் அதையே கேட்பார், சொல்கிறவரும் அதையே சொல்வார். கேள்விக்குறியைக் கழற்றித் திருப்பித் தந்தால் பதில் ஆகிவிடும். வீடு தீப்பற்றி எரியும்போது வாளியோடு ஓடுகிறவரிடம் கேட்டாலும் லாபாஸ்தான். பல் பிடுங்கிக்கொண்டிருப்பவர் வாய் திறந்தபடியே கண்ணால் லாபாஸ் சொல்லிவிடுவார். இதில் பொய் ஏதும் இல்லை. உண்மையும் ஏதும் இல்லை. நம்மிடம் "சாப்டாச்சா?" என்று கேட்கிறவரிடம் நாம் சாப்பிட்ட கதையை ஒப்பிப்பதில்லையே, அந்த வகை.

எலும்பு டாக்டர் ராஃபியா எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தகடு வச்சு முடுக்கணும். இப்ப வச்சா பழைய கை திரும்பி வந்துரும். விட்டுட்டா எலும்பு தானா கூடிக்கும். எப்படிக் கூடுங்கிறது அதோட இஷ்டம். அப்புறம் கை தோளுக்கு மேல எந்திரிக்காது."

"எப்ப வைப்பீங்க டாக்டர்?" என்றாள் கமைஸின் மனைவி ஷாத்லியா.

"காப்பீட்டுக் கழகத்துலேருந்து சம்மதக் கடுதாசி வந்த நிமிஷம். அது இல்லாம இந்த ஆஸ்பத்திரியில கத்தியை எடுக்கக்கூட விடமாட்டாங்க."

"எலும்பு அதுவரைக்கும் காத்திருக்குமா?"

"காத்திருக்கறதுக்கு அது என்ன, மனுஷனா?"

கமைஸ் கவலைப்படவில்லை. கைவினைஞர் சங்கம் மூலமாக அவர் வருஷக்கணக்கில் பாலிசி வைத்திருந்தார். ஒரு பிரீமியம் தவறியதில்லை. கழகத்தின் விளம்பரப் பலகையில் சிரிக்கிற குடும்பத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சிரிப்பில் தன் பங்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்ததும் ஷாத்லியா எண்ணை அழுத்தி ஃபோனை அவர் இடது காதில் வைத்தாள்.

"இவ்வுரையாடல் தங்கள் நலன் கருதிப் பதிவு செய்யப்படுகிறது," என்றது ஒரு குரல்.

"பாத்தியா," என்றார் கமைஸ், "எடுத்த எடுப்புலேயே நம்ம நலனைக் கருதறாங்க."

பிறகு நசீஹா என்ற பெண் வந்தாள். தேன் போலப் பேசினாள்.

"ஸலாம், சீ கமைஸ்! லாபாஸ்?"

மரியாதைக்குப் பெயருக்கு முன்னால் சீ போடுவது அந்த ஊர் வழக்கம். அது நம் காதில் வேறு மாதிரி விழுந்தால் குற்றம் நம் காதுடையது.

"லாபாஸ், மகளே."

"வீட்ல எல்லாரும் லாபாஸ்?"

"லாபாஸ், லாபாஸ்."

"தொழில் லாபாஸ்?"

"லாபாஸ்மா. உங்க அம்மா எப்படி, லாபாஸ்?"

"லாபாஸ். சொல்லுங்க, என்ன விஷயம்?"

"தோள் ரெண்டா ஒடஞ்சுபோச்சும்மா."

நசீஹா உண்மையாகவே வருத்தப்பட்டாள். உச்சுக் கொட்டினாள். கடுதாசி சீக்கிரம் வரும் என்றாள். அதில் பொய்யில்லை. சீக்கிரமே வந்தது.

"மதிப்பிற்குரிய பாலிசிதாரர் அவர்களுக்கு," என்று ஷாத்லியா சமையல்மேடை ஓரமாக நின்று வாசித்தாள். "தாங்கள் தங்கள் சொந்தக் குரலில், எவ்வித வற்புறுத்தலுமின்றி, தங்கள் உடலுக்கும் குடும்பத்துக்கும் தொழிலுக்கும் கேடு எதுவும் இல்லையென உறுதியளித்துள்ளமை கழகத்தின் செவிகளை எட்டியுள்ளது. இம்மகிழ்ச்சியில் கழகமும் பங்குகொள்கிறது. கேடு இல்லாவிடத்து ஈடு இல்லையாதலால், தங்கள் கோரிக்கை அன்புடன் மறுக்கப்படுகிறது. தாங்கள் மேலும் நலமுற வாழ்த்துகள்."

ஷாத்லியா கடுதாசியை நாலாக மடித்தாள்.

"அன்போட மறுத்திருக்காங்க," என்றார் கமைஸ்.

"நம்ம சந்தோஷத்துல பங்கு எடுத்துக்கிட்டாங்களாம். வலியில பாதி எடுத்துக்கச் சொல்லுங்க. எந்திரிங்க, நேர்ல போவோம்."

கழகம் நகரத்திலேயே உயரமான கட்டடத்தில் இருந்தது. மூன்றாவது மாடியில் "சொல்லும் பொருளும்" என்று பலகை போட்ட பிரிவு. காத்திருப்பவர்கள் அறிவு பெறும் பொருட்டு அங்கே கையேடு ஒன்று வைத்திருந்தார்கள். காப்பீட்டில் புழங்கும் சொற்களுக்கு எளிய விளக்கம். ஷாத்லியா புரட்டினாள்.

"காத்திருப்புக் காலம்னா, பாலிசி எடுத்த பிறகு நமக்கு நோய் வராம இருக்க வேண்டிய காலமாம். கருணைக் காலம்னா, நாம பிரீமியம் கட்டத் தவறினா அவங்க கோவிச்சுக்காம இருக்கற காலமாம்."

"எது நீளம்?"

"காத்திருப்புதான். கருணை சட்டுனு முடிஞ்சிருது."

பிரிவுத் தலைவர் திஜானி கண்ணியமான மனிதர். மேசைமேல் மூன்று பேனாவும், வலது கன்னத்தில் ஒரு எலுமிச்சை அளவு வீக்கமும் வைத்திருந்தார். பல்வலி. தாடையைச் சுற்றிக் கைக்குட்டை கட்டி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். இவர்கள் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று, கமைஸின் இடது கையைப் பிடித்துக் குலுக்கி, "வாங்க சீ கமைஸ், லாபாஸ்?" என்றார்.

ஷாத்லியா கிள்ளுவதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

"லாபாஸ்."

திஜானி உட்கார்ந்து, பேனாவைத் திறந்து, எழுதிக்கொண்டார். "நாலாவது தடவை," என்றார்.

"ஐயா, அது சும்மா வாய்வார்த்தை," என்றாள் ஷாத்லியா. "நீங்க கேட்டீங்க, அவர் சொன்னார். இதோ பாருங்க படம், எலும்பு ரெண்டா கெடக்குது."

திஜானி படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, அக்கறையோடு பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். "கெடக்குது. இல்லேங்கல. ஆனா படம் பேச மாட்டேங்குதே அம்மா. பதிவு பேசுது."

"அப்ப உங்க கன்னம்? உங்ககிட்ட நான் கேக்கறேன், லாபாஸ்?"

"லாபாஸ்," என்றார் திஜானி, முடிச்சைச் சரிசெய்தபடி.

"பாத்தீங்களா!"

"அது என் சொந்த வாய். சொந்த வாய்ல வலி இருக்கு. உங்ககிட்ட பேசறது அலுவல் வாய். அதுல கேடு எதுவும் இல்ல."

கமைஸ் மெதுவாகக் கேட்டார்: "இப்ப நான் லாபாஸ் இல்லேன்னு சொல்லிட்டா?"

"இன்னைக்குச் சொல்லக்கூடாது. ஒரே நாள்ல ரெண்டு முரணான வாக்குமூலம் வந்தா முந்தினதுதான் செல்லும். வேற ஒரு நாள் வாங்க. நான் லாபாஸானு கேப்பேன். இல்லேன்னு தெளிவா, ஒரே சொல்லா சொல்லுங்க. சொல்லிட்டு உக்காருங்க. பாக்கலாம்."

அன்று முதல் வீட்டில் பயிற்சி தொடங்கியது. ஷாத்லியா மரக்கரண்டியோடு எதிரே நிற்பாள்.

"லாபாஸ்?"

"லா..."

கரண்டி மேசையில் இறங்கும்.

"லாபாஸ்?"

"லாபாஸ்... இல்... லாபாஸ்."

"என்னங்க இது, சின்னப் புள்ள கூட சொல்லிரும். இல்ல. அவ்வளவுதான்."

"எனக்கு என்னவோ சாபம் குடுக்கற மாதிரி இருக்குடி."

"தோள் கோணிக்கிட்டா நான் குடுக்கறேன் சாபம். சொல்லுங்க!"

இரண்டு நாளில் நாக்கு கொஞ்சம் பழகியது. பழகியது மறந்துவிடக் கூடாதே என்று தெருவிலும் பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னாள். கமைஸ் கையைத் தூளியில் தொங்கவிட்டபடி வெளியே போனார். சவரக்கடையில் ஹஸூனா ஒருவரின் பாதித் தாடியை எடுத்திருந்தார்.

"அண்ணே, லாபாஸ்?"

கமைஸ் கண்ணை மூடிக்கொண்டார். "இல்ல," என்றார்.

கத்தி கன்னத்திலேயே நின்றது. கடைக்குள் இருந்த வானொலியை யாரோ அணைத்தார்கள். நாற்பது வருஷமாக அந்தச் சந்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஹஸூனாவின் கண் கலங்கிவிட்டது.

"ஆண்டவனே," என்றார். "யாரு? எப்ப?"

பயிற்சியில் அந்தக் கேள்வி வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவர் தெரு முனையைத் திரும்புவதற்குள் செய்தி இன்னொரு வழியாக அவர் வீட்டு வாசலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மதியத்துக்குள் சந்தில் வாடகை நாற்காலி போட்டாகிவிட்டது. எதிர்வீட்டிலிருந்து ஒரு பானை குஸ்குஸ் வந்தது. தூரத்து அத்தை ஒருத்தி கதவைத் தாண்டும்போதே ஒப்பாரியைத் தொடங்கி, உள்ளே வந்த பிறகுதான் யாருக்காக என்று விசாரித்தாள். அந்த நேரம் பார்த்து கமைஸ் கையில் ஒரு கட்டு வோக்கோசுக் கீரையோடு வந்து நின்றார். வந்தவர்களில் சிலருக்கு முகம் விழுந்துவிட்டது. வேலையை விட்டு வந்தவர்கள்.

"யாரும் சாகல!" என்று ஷாத்லியா நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். "அவர் பயிற்சி பண்றாரு!"

"சாகறதுக்கா?" என்றாள் அத்தை.

எப்படியோ குஸ்குஸைத் தின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

மறுபடியும் மூன்றாவது மாடி. திஜானியின் வீக்கம் எலுமிச்சையிலிருந்து மாதுளைக்கு முன்னேறியிருந்தது. எழுந்தார். கை குலுக்கினார்.

"சீ கமைஸ், லாபாஸ்?"

கமைஸ் ஷாத்லியாவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "இல்ல," என்றார். சொன்னதும் நெற்றி வியர்த்துவிட்டது.

"நல்லது," என்று திஜானி எழுதிக்கொண்டார். "ஆனா ஒரு சின்ன விஷயம். நேத்து நீங்க காலமாயிட்டதா ஒரு தகவல். ஆயுள் பிரிவுல கோப்பைத் தொறந்துட்டாங்க. நீங்க உயிரோட இருக்கறதுக்கு ஒரு அத்தாட்சி வேணும்."

"நான் உங்க முன்னாலதானே நிக்கறேன்?"

"நிக்கறீங்க. ஆனா இங்க நிக்கறது சொல்லும் பொருளும் பிரிவுல. ஆயுள் பிரிவு நாலாவது மாடி."

மேலே போய் நின்றுவிட்டு வந்தார்கள். அங்கே ஒருவர் கமைஸைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான், முத்திரை குத்தினார். வாரிசுதாரர் என்ற முறையில் ஷாத்லியாவிடம் வருத்தமும் தெரிவித்தார்.

திரும்பி வந்ததும் திஜானி விரல்களைக் கோத்துக்கொண்டார்.

"பாலிசி எடுத்த அன்னைக்கு எங்க டாக்டர் உங்களைப் பாத்தாரில்ல? என்ன கேட்டாரு?"

"லாபாஸானு கேட்டாரு. லாபாஸ்னேன். அப்புறம் ரெண்டு பேரும் காபி குடிச்சோம்."

"முழு உடல் பரிசோதனை. சரி. அப்ப தோள் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"விழுந்த பிறகு நசீஹாகிட்ட?"

"லாபாஸ்னுதான் சொன்னேன்."

"அப்ப தோள்?"

"ஒடஞ்சிருந்துச்சு."

"ரெண்டு தடவையும் ஒரே சொல். ஒரே சொல்லுன்னா ஒரே நெலமை. ஒரே நெலமைன்னா, ஒண்ணு, தோள் அப்பவே ஒடஞ்சிருந்திருக்கணும். அது முன்னரே இருந்த நோய், ஈடு கெடையாது. இல்லேன்னா இப்பவும் ஒடையல. அது கேடே இல்ல, ஈடு கெடையாது." திஜானி கையை விரித்தார். "கழகம் யாரையும் வற்புறுத்தறதில்ல. ரெண்டு மறுப்புல உங்களுக்கு எது வசதியோ அதை நீங்களே எடுத்துக்கலாம்."

கமைஸ் நல்ல மனிதர். யாராவது ஏதாவது தருகிறேன் என்றால் யோசித்துப் பார்க்கிற வழக்கம் உண்டு. அவர் நிஜமாகவே யோசித்தார்.

"ரெண்டாவதை எடுத்துக்கிட்டா எக்ஸ்-ரே படத்தைத் திருப்பித் தருவீங்களா?"

"எந்திரிங்க!" என்றாள் ஷாத்லியா.

அவர்கள் படி இறங்கிக்கொண்டிருந்தபோது, கழகத்தின் மேல்மாடியில் திஜானிக்குக் கைதட்டினார்கள். நிர்வாகக் குழு கூடி இந்த வழக்கை ஆராய்ந்து, இதில் ஒரு பெரும் தத்துவம் அடங்கியிருப்பதைக் கண்டறிந்தது. பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துக் கேட்டார்கள். மாரடைப்புக்காரர் லாபாஸ் சொல்லியிருந்தார். குடல்வால் வெடித்தவர் லாபாஸ் சொல்லியிருந்தார். பிரசவ வலியில் இருந்த ஒருத்தி இரண்டு வலிக்கு நடுவே, நசீஹாவின் அம்மாவையும் விசாரித்து, லாபாஸ் சொல்லியிருந்தாள். நோயாளிகள் என்று இத்தனை காலம் கழகம் நம்பியவர்களில் ஒருவர்கூட நோயாளி இல்லை! நகரமே ஆரோக்கியமாக இருந்தது. "கமைஸ் நெறி" என்று பெயரிட்டுச் சுற்றறிக்கை போனது. சம்மதக் கடுதாசிகள் நின்றன.

ஆனால் கழகம் கல்நெஞ்சம் படைத்தது அல்ல. மக்களின் இடர் களையும் பொருட்டு, "முகமன் பாதுகாப்பு இணைப்பு" என்ற புதிய திட்டத்தை வெளியிட்டது. கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டினால் போதும். பழக்க தோஷத்தால் சொல்லப்படும் லாபாஸ் வாக்குமூலமாகக் கொள்ளப்படாது. வெள்ளிக்கிழமைகளும் பெருநாட்களும் இதற்கு விலக்கு. ஏனென்றால் அந்த நாட்களில் மக்கள் அதிகமாக விசாரித்துக்கொள்கிறார்கள், ஆபத்து அதிகம்.

எடுத்தவர்களுக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பச்சைப் பட்டன் தந்தார்கள். அங்கேதான் விஷயம் வேறு திசையில் போனது. நகரத்தின் பெரிய மனிதர்கள் பட்டனைக் குத்திக்கொண்டு காபிக் கடைகளில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களிடமெல்லாம் வலியக் கேட்டு வாங்கி, உரக்க லாபாஸ் சொன்னார்கள். பட்டன் இல்லாதவர்கள், "விசாரணையில் இருக்கு," "பாத்துட்டு சொல்றேன்" என்று முணுமுணுத்துவிட்டு ஒதுங்கினார்கள். பெண் கேட்டுப் போன இடத்தில், "பையனுக்கு முகமன் உண்டா?" என்று விசாரித்தார்கள். திருமண வீடுகளில் பட்டன்காரர்களுக்கு முன்வரிசை. தையல்காரர்கள் பச்சைக்குப் பொருத்தமாகக் கோட்டு தைத்தார்கள். ஹஸூனா கூட ஒன்று வாங்கிக் குத்திக்கொண்டார். பெருமைக்குக் குத்தியதை மறைக்க, "தொழிலுக்கு அவசியம் அண்ணே, நாள்முழுக்கக் கேக்கறாங்கல்ல" என்றார்.

"அந்த இணைப்பை எடுத்தா என் தோளுக்குக் கடுதாசி வருமா?" என்று கமைஸ் ஃபோனில் கேட்டார். இந்த முறை முதல் விசாரிப்புக்கு இருமிச் சமாளித்திருந்தார்.

"வரும் சீ கமைஸ்," என்றாள் நசீஹா. "காத்திருப்புக் காலம் முடிஞ்சதும்."

தோளுக்குள் ஏதோ நமநமவென்று ஊறுவதாக அவர் சொல்லத் தொடங்கினார். டாக்டர் ராஃபியா அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கூட ஆரம்பிச்சிருச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசி. அறையைப் பிடிச்சு வைக்கறேன். அதுக்கு மேல போனா திரும்பவும் உடைச்சுத்தான் வைக்கணும். உங்க வயசுக்கு நான் அதைச் செய்ய மாட்டேன்."

அப்போதுதான் ஆண்டவன் கண் திறந்தது போல அந்தச் செய்தி வந்தது. கழகத்தின் மேல் நகரம் முழுக்கப் புகார் குவிந்து, தலைநகரம்வரை எட்டி, அங்கிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார். கைவினைஞர் சங்கக் கூடத்தில், வியாழக்கிழமை காலை, பொது விசாரணை. ஒரே ஒரு நியாயமான புகார் அவர் காதில் விழுந்தால் போதும், அந்த இடத்திலேயே திஜானியைக் கடுதாசி எழுத வைக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு.

ஷாத்லியா இம்முறை பயிற்சியை நம்பவில்லை. கிளம்பும்போது பேரீச்சை வைத்த மக்ரூத் பலகாரம் ஒன்றை, பெரியதாகப் பார்த்து எடுத்து, புருஷன் வாயில் வைத்து அடைத்தாள்.

"கடிக்காதீங்க. முழுங்காதீங்க. அப்படியே வச்சுக்கிட்டு உக்காருங்க. நான் கைகாட்டினா மட்டும் துப்பிட்டு, எந்திரிச்சு, தோளைக் காட்டுங்க. பேச்சு முழுக்க என்னுது."

"ம்," என்றார் கமைஸ்.

கூடம் நிரம்பி வழிந்தது. செருப்புத் தைக்கிறவர்கள், கம்பளி நெய்கிறவர்கள், ஆக்டோபஸ் பிடிக்கும் தீவுக்காரர்கள், பிரசவித்தவள் தன் குழந்தையோடு. எல்லார் கையிலும் அன்பான மறுப்பு. இருந்த கோபத்தைச் சேர்த்துக் கட்டினால் கழகத்தின் கட்டடத்தைக் கடலுக்குள் தள்ளிவிடலாம். முன்வரிசையில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே, கமைஸும் ஷாத்லியாவும். ஓரத்தில் திஜானி, இரண்டு கைக்குட்டை கட்டி, ஒரு பொட்டலம் போல உட்கார்ந்திருந்தார். சொந்த வாய், அலுவல் வாய் இரண்டுமே இப்போது திறக்க முடியாத நிலை. அவரைப் பார்த்துச் சிலர் பல்லைக் கடித்தார்கள்.

"இன்னைக்குத் தீர்ந்தான் இவன்," என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்.

"நான் எடுத்துக் குடுக்கறேன் பாருங்க," என்றாள் ஷாத்லியா.

ஆய்வாளர் வந்தார். உருண்டை முகம், நல்ல சிரிப்பு. ஏழைகள் மேல் இரக்கம் உள்ளவர் என்று பார்த்த உடனே தெரிந்தது. பதிவெழுத்தர் அவர் அருகில் அமர்ந்து தாளைச் சரிசெய்தார். ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டது. கூடம் மூச்சை அடக்கியது. ஆய்வாளர் இரண்டு கைகளையும் விரித்து, மனம் நிறைந்த அன்போடு கேட்டார்:

"சகோதரர்களே, சகோதரிகளே! லாபாஸ்?"

"லாபாஸ்!"

கூரையில் இருந்த புறாக்கள் எழுந்து பறந்தன. ஒரே குரல். இடி மாதிரி. செருப்புத் தைக்கிறவர்கள், கம்பளிக்காரர்கள், தீவுக்காரர்கள், பின்வரிசைக் கிழவர், கைக்குழந்தைக்காரி, பட்டன் உள்ளவர், இல்லாதவர் எல்லாரும். "ஆண்டவன் புண்ணியத்துல" என்ற வாலையும் பலர் சேர்த்துச் சொன்னார்கள்.

சொல்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் திஜானி; வாய் திறக்க முடியவில்லை. இன்னொருவர் கமைஸ்; வாயில் மக்ரூத்.

கமைஸ் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்ததால், அந்த இடியிலும் அவள் குரல்தான் தனியாக, மணி அடித்தது போல, கணீரென்று கேட்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"பதிவாச்சா?" என்று ஆய்வாளர் திரும்பிக் கேட்டார்.

"பதிவாச்சு ஐயா," என்றார் எழுத்தர். "ஏகமனதா."

"ரொம்ப சந்தோஷம். தலைநகரத்துல என்னவோ சொல்லிப் பயமுறுத்தினாங்க. இங்க வந்து பார்த்தா மக்கள் எவ்வளவு நிறைவா இருக்கீங்க! நான் இதை மேலிடத்துக்கு எழுதுவேன்." எழுந்துவிட்டார். "இந்த ஊர்ல மீன் குஸ்குஸ் எங்க நல்லா இருக்கும்?"

அதற்கு எல்லாரும் ஒரே நேரத்தில் வழி சொல்லத் தொடங்கினார்கள். இதில் யாருக்கும் கருத்து ஒன்றாக இல்லை. துறைமுகத்துக் கடையா, சந்தைக் கடையா என்று வாக்குவாதம் முற்றி, கோபமெல்லாம் அதில் செலவாகி, பாதிப் பேர் அவரை அழைத்துக்கொண்டே வெளியே போனார்கள்.

கணவனும் மனைவியும் வீட்டுக்கு நடந்தார்கள். கமைஸ் மக்ரூத்தை மென்று விழுங்கியிருந்தார். நல்ல மக்ரூத்.

"வாய் தானா சொல்லிருச்சுங்க," என்றாள் ஷாத்லியா.

"தெரியும்."

"நான் வேணும்னு சொல்லல."

"யாருதான் வேணும்னு சொல்றாங்க?"

சாயங்காலம் டாக்டர் ராஃபியாவுக்கு ஃபோன் செய்து, கடுதாசி இல்லை, அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று சொன்னார்கள். டாக்டர் தோளில் அடி படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். எலும்பு தன் இஷ்டப்படி கூடியது. கை தோள் உயரத்துக்கு வந்து, அங்கே யோசித்து, இறங்கிவிடும்.

சந்து பசியோடு இருந்தது. ஒரு காலையில் ஷாத்லியா பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்பு மேடைமேல் ஏறினாள். கமைஸ் கீழே நின்று இடது கையால் மாவை உருண்டை பிடித்து நீட்டினார். அவள் விசிறினாள். முதலாவது வட்டம் ஒரு காது மாதிரி வந்தது.

"ஓரத்தைப் பிடி," என்றார் கமைஸ். "நடுவுல இல்ல, ஓரத்தை."

அவள் அதைத் திரும்ப உருட்டினாள். கமைஸ் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி உள்ளே போட்டார்.